ஹோல்டன் கட்சியும் எதிர்க்கட்சியும்

ஒரு நாவலைப் பற்றி இரண்டு பேருக்குள் அபிப்பிராய பேதம் உண்டாவதென்றால், சாதாரணமாக அது கதையின் போக்கைப் பற்றியோ நடையின் நயத்தைப் பற்றியோதான் இருக்கும். ஆனால் அமெரிக்க எழுத்தாளர் ஜே. டி. சாலிஞ்சர் 1951-ஆம் வருஷம் ஜூலை மாதம் வெளியிட்ட ‘தி கேட்சர் இன் தி ரை’ விஷயத்தில் மட்டும், படித்தவர்கள் எல்லோரும் அதன் கதாநாயகனாகிய ஹோல்டன் கால்ஃபீல்ட் என்ற பதினாறு வயதுப் பையனுக்குப் பெண் கொடுக்கலாமா கூடாதா என்று விசாரிக்க வந்த சம்பந்திகளைப் போல, அவனுடைய குணதோஷங்களையே அலசிப் பார்த்துவிட்டு, முகம் சிவக்க எழுந்து போகிறார்கள். சம்பந்தம் முறிந்த பிறகும் சண்டை ஓய்வதில்லை.

கதையில் சம்பவம் என்று ஒன்றுமே இல்லை என்பது எதிர்க்கட்சியாரின் முதல் ஆட்சேபணை. அதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. பென்சில்வேனியாவில் பென்ஸி என்ற விடுதிப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலத்தைத் தவிர மற்ற நான்கு பாடங்களிலும் தோற்று வெளியேற்றப்பட்ட ஹோல்டன், கிறிஸ்துமஸ் விடுமுறை தொடங்கும் புதன்கிழமை வரையில் பொறுத்திருக்க மனமில்லாமல், சனிக்கிழமை இரவே ரயிலேறி நியூயார்க் வந்து, வீட்டுக்குப் போகப் பயந்து மட்டரகமான ஹோட்டல் ஒன்றில் அறை எடுத்து, திங்கட்கிழமை வரை ஊரைச் சுற்றுகிறான், அவ்வளவுதான். அந்தச் சனிக்கிழமை காலையில்தான் வாள்வீச்சுக் குழுவின் மானேஜர் என்ற ஹோதாவில் அதே நியூயார்க்குக்குப் போய், வாள்களையெல்லாம் சுரங்க ரயிலில் விட்டுவிட்டு, ஒரு டாலருக்கு வாங்கிய சிவப்பு வேட்டைத் தொப்பியோடு திரும்பிய உத்தமன் அவன். சென்ட்ரல் பார்க் குளம் உறைந்துபோன பிறகு அதிலுள்ள வாத்துகள் எங்கே போகின்றன என்பது அவனை வாட்டும் பிரச்னை. டாக்ஸிக்காரர்கள் இரண்டு பேரைக் கேட்கிறான். முதலாமவர் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்க்கிறார். ஹார்விட்ஸ் என்னும் இரண்டாமவரோ, வாத்தைப் பற்றிக் கேட்ட கேள்விக்கு மீனைப் பற்றிப் பதில் சொல்லி, அது பனிக்கட்டிக்குள் உறைந்து கிடந்தபடியே உடம்பின் துவாரங்கள் வழியாக ஆகாரம் உட்கொள்கிறது என்ற அபூர்வ சாஸ்திரத்தைக் கோபாவேசத்துடன் உபதேசிக்கிறார். இந்த நாவலைப் பற்றி எழுதப்பட்ட விமரிசனங்களில் பாதியைப் படிக்கும்போது எனக்கு ஹார்விட்ஸின் ஞாபகம்தான் வருகிறது.

புத்தகம் அச்சேறுவதற்கு முன்பே கட்சிகள் பிறந்துவிட்டன. ஹார்கோர்ட் பிரேஸ் என்ற பதிப்பகத்தில் ஆசிரியராக இருந்த ராபர்ட் ஜிரூ, கையெழுத்துப் பிரதியைப் படித்துப் பரவசப்பட்டு மேலதிகாரியிடம் கொடுத்தார். மேலதிகாரி படித்துவிட்டு, இந்தப் பையன் சித்தசுவாதீனம் உள்ளவன்தானா என்று கேட்டதோடு நில்லாமல், கதை பள்ளி மாணவனைப் பற்றியது என்ற ஒரே காரணத்தால் அதைப் பாடப்புத்தக இலாகாவின் அபிப்பிராயத்துக்கும் அனுப்பி வைத்தார். நான்கு பாடங்களில் தோற்றவனுடைய சரித்திரம் பாடப்புத்தகக்காரர்களின் மேஜைமேல் கிடந்த காட்சியை மனக்கண்ணால் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த இலாகாவினர் மேல்தான் அனுதாபம் உண்டாகிறது. ‘நியூயார்க்கர்’ பத்திரிகையோ, ஹோல்டனைப் பற்றிய ஒரு சிறுகதையை 1941-லேயே ஏற்றுக்கொண்டு, அமெரிக்கா யுத்தத்தில் இறங்கிவிட்டதால் அதைக் கிடப்பில் போட்டு, 1946-ல்தான் பிரசுரித்தது. நாவல் வந்தபோது, கால்ஃபீல்ட் வீட்டுப் பிள்ளைகள் நம்பத்தகாத அளவுக்குப் புத்திசாலிகளாக இருக்கிறார்கள் என்று சொல்லிக் கையை விரித்துவிட்டது. ஒருவர் பைத்தியமா என்கிறார். மற்றவர் அதிமேதாவி என்கிறார். இரண்டு தரப்பும் ஒரே பையனைத்தான் பார்த்தன என்பதை நாம் சத்தியம் செய்துதான் நம்ப வேண்டியிருக்கிறது. கடைசியில் லிட்டில் பிரௌன் என்ற பாஸ்டன் நகரத்துக் கம்பெனி அதை வெளியிட்டுப் பணமும் சம்பாதித்தது.

பிறகு பள்ளிக்கூடங்களுக்குள் கலகம் புகுந்தது. 1960-ல் ஓக்லஹோமா மாகாணத்து டல்ஸா நகரில், பதினோராம் வகுப்புக்கு இந்த நாவலைப் படிக்கக் கொடுத்த உபாத்தியாயர் ஒருவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். மேல்முறையீட்டின் பேரில் அவருக்கு வேலை திரும்பக் கிடைத்தது, புத்தகத்துக்குத்தான் கிடைக்கவில்லை. தகாத வார்த்தைகளை ஒன்று விடாமல் எண்ணி ஜாபிதா தயாரித்துப் பள்ளி நிர்வாகத்தின் முன் வைத்த பெற்றோர்களும் உண்டு. அப்படிப்பட்ட ஜாபிதா ஒன்றில், வசைமொழிகளின் எண்ணிக்கைக்கெல்லாம் கீழே, வாயு பிரிந்த சம்பவம் ஒன்று என்றும் கணக்குக் காட்டியிருக்கிறது. இவ்வளவு சிரத்தையோடு இந்த நாவலைப் படித்தவர்கள் ஹோல்டனின் பக்தர்களில் எத்தனை பேர் இருப்பார்கள் என்பது எனக்குச் சந்தேகமே. இதன் பலனாக, 1981-ஆம் வருஷத்தில் அமெரிக்கப் பொதுப் பள்ளிக்கூடங்களில் மிக அதிகமாகத் தடைக்கு உள்ளான புத்தகமும் இதுவே, அதிகமாகப் பாடம் சொல்லப்பட்ட நாவல்களில் இரண்டாவதும் இதுவே என்ற விசித்திரமான ஸ்தானம் இதற்குக் கிடைத்தது.

என்னுடைய பிரதியும் ஊரில் பல வீடுகளுக்குப் போய் வந்திருக்கிறது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் அதைத் திருப்பிக் கொடுத்தபோது, ஓரமெல்லாம் சிவப்புப் பென்சிலால் இலக்கணப் பிழைகள் திருத்தப்பட்டு, கடைசிப் பக்கத்தில் நூற்றுக்கு முப்பத்தைந்து என்று மார்க்கும் போடப்பட்டிருந்தது. “பாஸ் பண்ணிவிட்டீர்களே, ஸார்!” என்றேன். “என்ன செய்வது? அந்தச் சரித்திர வாத்தியார் ஸ்பென்சருக்காகப் போட்டேன்” என்றார். எகிப்தியர்களைப் பற்றிப் பரீட்சையில் நான்கு வரி கிறுக்கிவிட்டு, என்னைத் தோற்கடித்தாலும் பரவாயில்லை என்று அடியில் குறிப்பும் எழுதி வைத்த மாணவனை, ஜலதோஷத்தோடு போர்வைக்குள் சுருண்டு கிடக்கும்போதும் கூப்பிட்டு வைத்துப் புத்தி சொல்லும் அந்தக் கிழவரை, நாவலின் கதாநாயகராகவே எடுத்துக்கொண்டு படித்தவர் உலகத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருப்பார். என் அக்காள் மகனோ, கல்லூரியில் சேர்ந்த புதிதில் அதைப் படித்துவிட்டு, ஹோல்டனைப் போலவே வீட்டுக்கு வரும் பெரியவர்களையெல்லாம் ‘போலி’ என்று வகைப்படுத்தத் தொடங்கினான். மாதாந்தரச் செலவுக்குப் பணம் தரும் தகப்பனாரை மட்டும் மாதக் கடைசி வரையில் அந்தப் பட்டியலில் சேர்ப்பதில்லை.

எல்லோரையும் விட நன்றாகப் படித்தவர் எங்கள் தெருவில் உள்ள ஓர் அம்மாள். “அந்தப் பிள்ளை சரியாகச் சாப்பிட்டதா என்று யாராவது பார்த்தீர்களா?” என்று கேட்டார். உடம்பு தேறுவதற்காக நன்றாகச் சாப்பிட வேண்டுமென்று சொல்லப்பட்ட நோஞ்சான் பையன் அவன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ரயில் நிலையத்தில் இரண்டு கன்னிகாஸ்திரீகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முட்டையும் ரொட்டியும் சாப்பிட்டதற்கு அப்புறம், சாயந்தரம் ஒரு பாலாடைக்கட்டி சாண்ட்விச்சும் மால்ட் கலந்த பாலும். மறுநாள் வாங்கிய டோநட்டோ தொண்டையில் இறங்கவே இல்லை. இடையில் உள்ளே போனதெல்லாம் மதுவும் சிகரெட் புகையுமே. “வெறும் வயிற்றோடு சுற்றினால் உலகம் போலியாகத்தான் தெரியும்” என்பது அந்த அம்மாளின் தீர்ப்பு. எத்தனையோ மனோதத்துவ ஆராய்ச்சிகளுக்கு அகப்படாத விஷயம் இது.

எதிர்க்கட்சியாரின் மற்றக் குற்றச்சாட்டுகளையும் நான் மறுக்கவில்லை. ஹோல்டன் மகா பொய்யன். ரயிலில் தன் சக மாணவனுடைய தாயாரிடம், தன் மூளையில் கட்டி வளர்ந்திருப்பதாகக் கூசாமல் சொல்கிறான். சினிமாவை வெறுக்கிறேன் என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே ரேடியோ சிட்டி கொட்டகைக்குப் போய் உட்காருகிறான். தகப்பனார் பெரிய கம்பெனிகளின் வக்கீல். அவர் பணத்தில்தான் பணக்கார உலகத்தைப் பழிக்கிறான். இப்படிப்பட்டவன் பிறரைப் போலி என்று சொல்லலாமா, இவனல்லவா போலி என்று எதிர்க்கட்சியார் கொதிக்கிறார்கள். அவனுக்கு வாய்த்த உண்மையான சீடர்கள் இவர்களே. காண்பவனைப் போலி என்று ஒரே சொல்லில் தீர்த்துக் கட்டும் வித்தையை அவனிடமிருந்து முழுவதும் கற்றுக்கொண்டவர்கள் வேறு யாரும் இல்லை. இன்னொன்றும் கவனித்திருக்கிறேன்: பதினேழு வயதில் இவனைத் தலைமேல் வைத்துக் கொண்டாடியவர்கள்தாம், தங்கள் வீட்டில் ஒரு பதினேழு வயது வளர்ந்தவுடன், இவனை இரண்டு அறை அறைந்தால் சரியாகிவிடும் என்று பேசுகிறார்கள்.

சாலிஞ்சர் எந்தக் கட்சி? கடைசியில், ஊமைச் செவிடனாக நடித்துக்கொண்டு காட்டோரத்தில் ஒரு குடிசை கட்டி, யாருடனும் பேசாமல் வாழ்ந்துவிடலாம் என்று ஹோல்டன் திட்டம் போடுகிறான். அவன் திட்டம் பலிக்கவில்லை. அவனைப் படைத்தவர் நிறைவேற்றிக் காட்டிவிட்டார். 1953-ல் நியூஹாம்ப்ஷயரில் கார்னிஷ் என்ற சிற்றூருக்குக் குடிபெயர்ந்து, உயர்நிலைப் பள்ளி மாணவி ஒருத்திக்கு நல்லெண்ணத்தோடு பேட்டி கொடுத்து, அது உள்ளூர்த் தினசரியில் வெளிவந்ததைக் கண்டு மனம் கசந்து, வீட்டைச் சுற்றி வேலி எழுப்பினார்; 1965-க்குப் பிறகு ஒரு கதைகூடப் பிரசுரிக்கவில்லை; 2010-ல் 91-ஆவது வயதில் காலமானார். இடையில் நியூயார்க் ராமகிருஷ்ண விவேகானந்த மையத்தில் ஸ்வாமி நிகிலானந்தரிடம் வேதாந்தம் பயின்றார் என்பது நம் நாட்டாருக்குச் சற்றுப் பெருமையான விஷயம்.

இரண்டு கட்சியாரும் வேகமாகக் கடந்துபோகும் ஓர் இடம் உண்டு. ஹோல்டனுக்கு ஆல்லி என்று இரண்டு வயது இளைய தம்பி ஒருவன் இருந்தான். மைதானத்தில் பந்து வராத நேரத்தில் படிப்பதற்காகத் தன் பேஸ்பால் கையுறை முழுவதும் பச்சை மையில் கவிதைகளை எழுதி வைத்திருந்த அந்தச் செந்தலைப் பையன், 1946 ஜூலையில் ரத்தப் புற்றுநோயில் இறந்துபோனான். அன்றிரவு கார் நிறுத்தும் கொட்டகையில் படுத்திருந்த ஹோல்டன், அங்கிருந்த ஜன்னல் கண்ணாடிகளையெல்லாம் வெறுங்கையால் குத்தி உடைத்தான். அப்போது அவனுக்கு வயது பதின்மூன்று. இதைத் தள்ளிவிட்டுப் படித்தால், அவன் வம்பு பேசித் திரியும் பணக்காரப் பிள்ளைதான். சேர்த்துப் படித்தால், வாத்துகள் பனிக்காலத்தில் எங்கே போகின்றன என்ற கேள்வி அவ்வளவு அசட்டுக் கேள்வியாகப் படாது.

எதிர்க்கட்சியார் சொல்லக்கூடியதை எல்லாம் அந்த நாவலுக்குள்ளேயே ஒருத்தி முன்கூட்டிச் சொல்லிவிட்டாள். அவன் தங்கை ஃபீபி, வயது பத்து. அண்ணன் மறுபடியும் பள்ளியிலிருந்து துரத்தப்பட்டான் என்று கண்டுபிடித்த மாத்திரத்தில், அப்பா கொன்றுவிடுவார் என்று கூவி, முஷ்டியால் ஒரு குத்தும் குத்திவிட்டு, தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறாள். பிறகு எழுந்து, உனக்குப் பிடித்தது என்று உலகத்தில் ஒன்றையாவது சொல் பார்க்கலாம் என்று நிர்த்தாட்சண்யமாகக் கேட்கிறாள். அவன் திணறிப்போய் இறந்த தம்பியின் பெயரைச் சொல்கிறான். ரை தானிய வயலில் ஓடி விளையாடும் குழந்தைகள் மலை விளிம்பிலிருந்து விழுந்துவிடாமல் பிடித்துக்கொள்வதே தன் லட்சியம் என்று, நாவலுக்குப் பெயர் கொடுத்த அந்தக் கற்பனையை எந்தப் பாட்டிலிருந்து எடுத்தானோ, அந்தப் பாட்டையே அவன் தப்பாக ஞாபகம் வைத்திருப்பதையும் போகிற போக்கில் திருத்திவிடுகிறாள். இவ்வளவும் செய்தவள், மறுநாள் அண்ணன் ஊரை விட்டுப் போகிறான் என்று அறிந்ததும், தன் துணிமணிகளை அவனுடைய பழைய பெட்டியில் அடைத்து, அதை இழுத்தபடி மியூசியத்து வாசலில் வந்து நிற்கிறாள். அதற்கப்புறம் அவன் எங்கே போவது?

அண்ணனுடைய குற்றம் ஒன்றையும் மன்னிக்காமல், அவனோடு புறப்படவும் தயாராக இருந்த வாசகி அவள் ஒருத்திதான். என் வோட்டு ஃபீபிக்கே. ஹோல்டனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடுபவர்களும், அவனை அறையக் கையை ஓங்கிக்கொண்டு நிற்பவர்களும், கொஞ்ச நேரம் சண்டையை நிறுத்திவிட்டு அவளுடைய அத்தியாயங்களை இன்னொரு தடவை படித்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அவள் கட்சியில் கூட்டம் மிகக் குறைவு, அங்கத்தினர்கள் உடனே தேவை.