எட்டரை வருச ஒப்பந்தம்

செல்சி உதைபந்தாட்டக் கழகத்தின் வரவு செலவு எனக்குத் தலைகீழ்ப் பாடம். எவன் எவ்வளவுக்கு வந்தான், எத்தனை வருச ஒப்பந்தம், கழகத்துக்கு எந்த வருசம் எவ்வளவு நட்டம் என்று நித்திரையில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். போன சிறுபோகத்துக்கு உரம் என்ன விலைக்கு எடுத்தோம் என்று கேட்டால் மட்டும், "இஞ்சேரும்" என்று குசினிப் பக்கம் திரும்புவேன்.

இரணைமடுக் குளத்துத் தண்ணியை நம்பி இரண்டரை ஏக்கர் விதைக்கிறவனுக்கு மேற்கு லண்டன் கழகத்தில் என்ன அக்கறை என்று நீங்கள் கேட்கலாம். மனுசியும் அதைத்தான் கேட்கிறா. லண்டனில் இருக்கிற அவவின் தம்பி ஒருமுறை நீலச் சட்டை ஒன்று அனுப்பினான். சட்டை அளவாக இருந்தது. அவ்வளவுதான் வரலாறு. சிவப்புச் சட்டை வந்திருந்தால் இன்றைக்கு ஆர்சனலுக்காக அழுதுகொண்டிருப்பேன். மலிவு விற்பனையில் கிடந்தது அது ஒன்றுதான் என்று மச்சான் பிறகு சொன்னான்.

நாங்கள் கூடிக் கதைக்கிற இடம் சந்திச் சலூன். அங்கே எங்கள் மூத்த உறுப்பினர் ஓய்வுபெற்ற கணித மாஸ்டர், மன்செஸ்டர் யுனைட்டெட் ரசிகர். அந்தக் கழகத்தின் முகாமையாளர் அலெக்ஸ் பெர்குசன் ஓய்வுபெற்றது 2013இல். மாஸ்டர் பள்ளிக்கூடத்தை விட்டதும் அதே வருசம். அதற்குப் பிறகு இரண்டு நிறுவனமும் உருப்படவில்லை என்பது மாஸ்டரின் உறுதியான கருத்து. 2024-25 பருவத்தில் யுனைட்டெட் பதினைந்தாம் இடத்தில் போய் நின்று, யூரோப்பா லீக் இறுதிப் போட்டியிலும் டொட்டன்ஹாமிடம் ஒரு கோலால் தோற்றபோது, அவர் முகச்சவரம் செய்வதையே கொஞ்சக் காலம் நிறுத்தி வைத்திருந்தார். ஓட்டோத் தம்பி ஆர்சனல். 2023, 2024, 2025 என்று அடுத்தடுத்து மூன்று தரம் இரண்டாம் இடம். அவன் ஓட்டோவும் இரண்டாவது கியருக்கு மேல் போகாது. சலூன்காரத் தம்பி மன்செஸ்டர் சிற்றி. அவன் கையில் கத்தி இருப்பதால் அவனோடு மட்டும் எல்லோரும் கொஞ்சம் மரியாதையாகத்தான் வாதாடுவோம்.

முந்தியெல்லாம் பந்தைப் பற்றிக் கதைத்தோம். ஆர் வடிவாக வெட்டி ஆடுகிறான், ஆர் தலையால் அடிக்கிறான், எந்த மத்தியஸ்தருக்குக் கண் தெரியாது என்று. இப்போது பந்தின் பேச்சே இல்லை. முழுப்பேரும் கணக்காளர், அதில் பாதிப்பேர் சட்டத்தரணி. இங்கிலாந்துப் பிரீமியர் லீக்கில் ஒரு கழகம் மூன்று வருசத்துக்குள் 10 கோடி 50 லட்சம் பவுண் வரைக்கும் நட்டப்படலாம், அதற்கு மேல் நட்டப்பட்டால்தான் குற்றம் என்று மாஸ்டர் விளக்கியபோது, மூலையில் தலைமயிர் வெட்ட இருந்த கமக்காரர் ஒருவர் எழும்பிவிட்டார். "நட்டப்படுறதுக்கு ஒரு அளவு வைச்சிருக்கிறாங்களோ? அப்பிடியெண்டால் எங்கட கமக்காரர் அமைப்புக்கு எந்த வருசம் கப் தாறாங்கள்?"

எவர்ட்டன் அந்த அளவைத் தாண்டி 2023 நவம்பரில் பத்துப் புள்ளி வெட்டு வாங்கி, அழுது முறையிட்டு ஆறாகக் குறைத்துக்கொண்டது. நொட்டிங்ஹாம் ஃபொரஸ்டுக்கு நாலு. நான் இதையெல்லாம் ஆராய்ந்துகொண்டிருந்த அந்த மாரியில் என் வரம்பில் நண்டு துளை போட்டுத் தண்ணி முழுக்கப் பக்கத்து வயலுக்குப் போய்விட்டது. அதற்கு முறையிட எனக்கு ஆணைக்குழு இல்லை.

செல்சியை அமெரிக்கன் ஒருவனும் அவன் கூட்டாளிகளும் 250 கோடி பவுணுக்கு வாங்கியது 2022 மே மாதம். எனக்கு நல்ல ஞாபகம், பெற்றோல் வரிசையில் நின்றுதான் அந்தச் செய்தியை வாசித்தேன். அடுத்த மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் இலங்கைக்கு நாலு வருசத்தில் தவணை தவணையாகத் தர ஒத்துக்கொண்டது ஏறக்குறைய 300 கோடி டொலர். மாற்றிப் பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே காசு. இதை நான் பெருமையாகச் சொல்ல, மனுசி தேங்காய் துருவுவதை நிறுத்தாமல் கேட்டா: "அப்ப அந்த மனுசன் பேசாமல் எங்களை வாங்கியிருக்கலாமே?"

வாங்கின கையோடு அவர்கள் ஆட்களை அள்ளத் தொடங்கினார்கள். 2023 ஜனவரியில் மட்டும் என்சோ பெர்னாண்டஸ் 10 கோடி 68 லட்சம் பவுண், முட்ரிக் என்ற உக்ரைன்காரன் வேறு. இரண்டு பேருக்கும் எட்டரை வருச ஒப்பந்தம். உயர்தரத்தில் கணக்கீடு படிக்கிற என் மகன்தான் சூட்சுமத்தை விளக்கினான். "அப்பா, இது பெறுமானத்தேய்வு மாதிரித்தான். விலையை ஒப்பந்த வருசத்தால பிரிச்சு, வருசத்துக்கு ஒரு துண்டுதான் செலவு எண்டு காட்டுவாங்கள்." எனக்குப் புல்லரித்துவிட்டது. இவ்வளவு காலமும் ஒரு சாமானை வாங்கினால் அன்றைக்கே முழுக் காசும் செலவு என்று நம்பியல்லவோ வாழ்ந்திருக்கிறேன்!

அந்த உற்சாகத்தில் 170,000 ரூபாய்க்குப் பெரிய டீவி ஒன்று எடுத்தேன். வீட்டில் விசாரணை வந்தது. நான் கொப்பியைத் திறந்து, "இது எட்டரை வருச ஒப்பந்தம். வருசத்துக்கு வெறும் 20,000" என்றேன். மனுசி கொப்பியை வாங்கி வடிவாகப் பார்த்தா.

"கடைக்காரன் எத்தனை வருசம் வாறண்டி தந்தவன்?"

"இரண்டு."

"அப்ப இரண்டால பிரியுங்கோ."

ஐரோப்பிய உதைபந்தாட்டச் சம்மேளனமான யூஃபா, செல்சியின் தந்திரத்தைக் கண்டு விதியை மாற்றியபோதுகூட ஐந்து வருசம் தந்தது.

முட்ரிக் 2024 டிசெம்பரில் ஊக்கமருந்துப் பரிசோதனையில் சிக்கி இடைநிறுத்தப்பட்டான். தெரிந்து ஒன்றும் எடுக்கவில்லை என்கிறான். எங்கள் டீவி அதற்குக் கொஞ்சம் முன்னமே, ஐப்பசி இடியில் போய்விட்டது. அதுவும் தெரிந்து ஒன்றும் செய்யவில்லை. மழை இருட்டும்போது வயரைக் கழற்றச் சொன்ன குரல் மட்டும் எனக்குக் கேட்டது. அந்த நேரம் கோர்னர் கிக்.

இதோடு நான் திருந்தியிருப்பேன் என்று நினைக்கிறீர்கள். நட்டத்தை மறைக்கச் செல்சி இன்னொரு வழி வைத்திருந்தது. மைதானத்தோடு இருந்த தன்னுடைய இரண்டு ஹோட்டல்களைத் தன்னுடைய சகோதர நிறுவனத்துக்கே 7 கோடி 65 லட்சம் பவுணுக்கு விற்று, அதை வருமானம் என்று எழுதியது. ஹோட்டல் அசையவில்லை, கணக்கு மட்டும் நிமிர்ந்துவிட்டது. எனக்கு ஹோட்டல் இல்லை. இரண்டு ஆடு இருந்தது. சகோதர நிறுவனமும் இருந்தது, பக்கத்துக் காணியில், என் அக்கா. ஆடு இரண்டையும் அக்காவுக்கு விற்றதாகக் கொப்பியில் எழுதி, டீவிக் காசுக்கு எதிராக வரவு வைத்தேன். ஆடுகள் வழக்கம்போல எங்கள் கொட்டிலிலேயே நின்று எங்கள் குழையையே தின்றன.

செல்சியின் விற்பனையைப் பிரீமியர் லீக் ஏற்றுக்கொண்டது, யூஃபா ஏற்கவில்லை. வேறு கணக்கும் சேர்ந்து 2025 ஜூலையில் 3 கோடி 10 லட்சம் யூரோ தண்டம். என் விற்பனையை அம்மா ஏற்றுக்கொண்டா, மனுசி ஏற்கவில்லை. ஆனால் அக்கா எல்லோரையும்விட நன்றாக ஏற்றுக்கொண்டா. தீபாவளிக்கு முதல் நாள் ஆட்களோடு வந்து இரண்டு ஆட்டையும் அவிழ்த்துக்கொண்டு போனா. "வித்தது வித்ததுதானே தம்பி. உன்ர கையெழுத்தில எழுதிக் கிடக்கு." பங்கு இறைச்சி கொஞ்சம் அனுப்பினா. உறவு விட்டுப்போகக்கூடாது, பாருங்கோ.

இவ்வளவு வில்லங்கத்தை வீட்டில் வைத்துக்கொண்டுதான் சலூனில் போய் சிற்றியைக் கிழிப்பேன். நீதி என்றால் எனக்கு அப்படி ஒரு வெறி. 2023 பெப்ரவரியில் பிரீமியர் லீக் அவர்கள் மேல் சுமத்திய குற்றச்சாட்டுகளை எல்லோரும் 115 என்றுதான் சொல்லுகிறார்கள். 2009இலிருந்து வருசக்கணக்காகக் கணக்கை ஒழுங்காகக் காட்டவில்லை, விசாரணைக்கு ஒத்துழைக்கவில்லை என்று நீண்ட பட்டியல். கழகம் எல்லாவற்றையும் மறுக்கிறது. விசாரணை 2024 செப்டெம்பரில் தொடங்கி டிசெம்பரில் முடிந்தது. அதற்குப் பிறகு நாங்கள் ஒரு சிறுபோகம் விதைத்து, வெட்டி, நெல்லும் காயவைத்து ஏற்றினோம், அப்போதும் தீர்ப்பு வரவில்லை. "உவங்களை நாலாம் பிரிவுக்கு இறக்கோணும்!" என்பேன். சலூன்காரத் தம்பி கத்தியைத் தோலில் தீட்டிக்கொண்டே ஒரே பதில்தான் சொல்லுவான்: "தீர்ப்பு வரட்டும் அண்ணை. அதுவரைக்கும் ஆரும் குற்றவாளியில்லை."

இனி எங்கள் ஊர்க் கழகத்துக்கு வருவோம். நான் அதன் பொருளாளர். கூட்டத்துக்குப் பிந்திப் போனதால் கிடைத்த பதவி. இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்துக்குள் வெளியார் தலையிடுகிறார்கள் என்று ஃபீஃபா 2023 ஜனவரியில் முழு நாட்டையும் தடை செய்து ஆகஸ்டில்தான் விட்டது. அந்த இடைக்காலத்தில் எங்கள் வட்டக்கச்சியில் ஒரு பின்னேரமாவது பந்து நின்றதாக எனக்கு நினைவில்லை. எங்களில் பாதிப்பேருக்குத் தடை வந்ததே தெரியாது, மீதிப்பேருக்கு அது நீங்கியது தெரியாது.

சுற்றுப்போட்டி ஒன்றில் தட்டுத்தடுமாறி இறுதிக்கு வந்துவிட்டோம். எதிரணி பக்கத்து ஊர். எங்கள் முன்வரிசையில் கோல் அடிக்கக்கூடிய ஒரே பெடியன் போன வருசம் கட்டாருக்கு வேலைக்குப் போய்விட்டான். நிர்வாகம் அவசரமாகக் கூடி, கரையோரப் பக்கத்தில் இருந்து ஒருவனை இறக்குவதென்று முடிவெடுத்தது. மணலில் ஓடிப் பழகிய கால், பந்து காலைவிட்டுப் போகாது. பேரம் பேசியது நான்தான். போக வர பஸ் காசு, ஒரு சோடி பூட்ஸ், இறுதிப் போட்டி முடிய முட்டைக் கொத்து. எட்டரை வருசத்துக்கு வரச்சொல்லியும் கேட்டுப் பார்த்தேன். "எட்டரை வருசமும் கொத்துத்தானோ அண்ணை?" என்றான்.

ஆனால் சுற்றுப்போட்டி விதி, ஊரில் பதிந்தவன்தான் ஆடலாம். ஆகவே கட்டாருக்குப் போனவனின் பெயரிலேயே இவனை இறக்கினோம். அப்போது அது எனக்குக் குற்றமாகவே படவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள். ஆள் முகாமைத்துவம் என்று நினைத்தேன்.

இரண்டாம் பாதி தொடங்கி கொஞ்ச நேரத்தில் அவன் மூன்று பேரை வெட்டிப்போட்டு அடித்தான் ஒரு கோல்! மைதானம் அதிர்ந்தது. அறிவிப்பாளர் ஒலிபெருக்கியில் தொண்டை கிழியக் கட்டார்காரனின் முழுப்பெயரையும், தகப்பன் பெயரோடு சேர்த்து, மூன்று தரம் முழங்கினார். எல்லாம் யோசித்த நாங்கள் ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. கட்டாருக்குப் போன பெடியனின் தாய் பனையடியில் கச்சான் விற்றுக்கொண்டிருந்தா. சுளகை அப்படியே போட்டுவிட்டுக் கோட்டுக்குள் ஓடிவந்தா. "என்ர பிள்ளை எப்ப வந்தவன்? வீட்டுக்கு வராமல் உங்க என்னத்துக்கு நிக்கிறான்?" ஓடிப்போய்க் கோல் அடித்தவனின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பிப் பார்த்தா. பிறகு மத்தியஸ்தரைப் பார்த்தா. மத்தியஸ்தர் என்னைப் பார்த்தார்.

முறைப்பாடு கொடுத்தது எதிரணியின் செயலாளர். ஓம், சலூன்காரத் தம்பிதான். தீர்ப்பு வரட்டும் அண்ணை என்று வருசக்கணக்காக ஓதிய அதே வாய், "இப்பவே, இந்த இடத்திலயே முடிவு சொல்லுங்கோ!" என்று மேசையில் அடித்தது. நானும் விடவில்லை. "நிரூபியுங்கோ பாப்பம்! ஆவணம் எங்கை? ஒத்துழைக்க மாட்டம்!" என்று எழும்பி நின்றேன். ஒத்துழைக்காததையும் ஒரு குற்றமாக எழுதிக்கொண்டார்கள். ஆவணத்துக்கு என்ன, தாயே பக்கத்தில் நின்று கட்டாருக்கு வீடியோ அழைப்பு எடுத்து, பெற்ற பிள்ளையை ஏற்பாட்டுக் குழுவுக்குக் காட்டிவிட்டா. அவன் அங்கிருந்து கையசைத்து, "கோல் எப்பிடி, நல்லதோ?" என்று கேட்டான். லண்டனில் மூன்று மாதம் இழுத்த விசாரணை எங்கள் மைதானத்தில் ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் முடிந்தது. கப் அடுத்த ஊருக்கு. பூட்ஸ் கரையோரத்துக்கு. கொத்துக் கடைப் பற்றுச்சீட்டு பொருளாளரிடம்.

அடுத்த ஞாயிறு கலியாண வீடு ஒன்றுக்குப் போக வேண்டியிருந்தது. ஊரில் சலூன் ஒன்றுதான். கதிரையில் சாய்ந்தேன். தம்பி ஒன்றும் பேசாமல் சவர்க்கார நுரையை வடிவாகப் பூசி, கத்தியைத் தொண்டையில் வைத்து, அப்படியே நிறுத்திக்கொண்டு குனிந்தான்.

"அண்ணை, எங்கட சிற்றியைப் பற்றி என்னவோ ஒரு இலக்கம் சொல்லுவியள். எவ்வளவு அது?"

அப்படி ஒரு இலக்கத்தை நான் கேள்விப்பட்டதே இல்லை என்றேன்.