நெய்தல் கிட்டார்: கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் சர்ஃப் இசை குறித்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சிக்கல்

பலகை ஏறிக் கடலலையில் சறுக்கும் கலிஃபோர்னிய இளைஞர்களிடையே 1960-களின் தொடக்கத்தில் பிறந்தது சர்ஃப் இசை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் உலை உண்டு, கம்பி இழுக்கும் ரோலிங் மில் உண்டு, கன்டெய்னர் லாரி உண்டு. அலை மட்டும் இல்லை. அப்படியிருக்க, யூடியூப் பார்த்துத் தானாகவே கிட்டார் பழகிய ஐ.டி.ஐ. ஃபிட்டர் ஒருவர், இளையராஜாவில் தொடங்கி, மூன்றே கார்டில் அடங்கும் காதல் தோல்விப் பாட்டையும் கடந்து, கடைசியில் சர்ஃபில் வந்து விழுவது எங்ஙனம்? புலவர் பெருமக்கள் இதுவரை இதைத் தொடவில்லை. அந்தக் குறையை இக்கட்டுரை சங்க இலக்கியத்தின் நெய்தல் திணையை அளவுகோலாக வைத்துத் தீர்க்கும்.

முதற்பொருள்

நெய்தலுக்கு நிலம் கடலும் கடல் சார்ந்த இடமும். சென்ட்ரலில் புறப்படும் மின்சார ரயில் திருவொற்றியூர் தொட்டு எண்ணூர் வரை கடலுக்குப் பக்கத்திலேயே வருகிறது. மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை தாண்டி அது கும்மிடிப்பூண்டி சேரும்போது பெட்டியில் எஞ்சியிருப்பது மீன்கூடை வாசனைதான். கிழக்கே பழவேற்காடு இருக்கிறதே எனின், அது உப்பங்கழி ஏரி. அலை பார்க்க முகத்துவாரம் வரை போக வேண்டும். ஆகவே நிலம் அரை நெய்தல் என்க.

நெய்தலின் சிறுபொழுது எற்பாடு. செகண்ட் ஷிப்டுக்காரருக்கு அது கட்டுப்படியாகாது. இரவு பத்துக்கு மேலேதான் அவர் கிட்டாரைத் தொடவே முடியும்.

கருப்பொருள்

நெய்தலுக்கு யாழ் விளரி யாழ். நம் ஃபிட்டருக்குத் தவணையில் வாங்கிய எலக்ட்ரிக் கிட்டார். பறை மீன்கோட்பறை, இவருக்குப் பக்கத்துப் பட்டறையின் பவர் பிரஸ். அது தாளம் தவறாமல் அடிப்பதால் மெட்ரோனோம் வாங்கும் செலவு மிச்சம்.

தலையாய கருப்பொருள் ஸ்பிரிங். சர்ஃப் கிட்டாரில் ஒவ்வொரு சுரமும் ஈரம் சொட்டக் கேட்பதற்குக் கடல் காரணமன்று, ரிவெர்ப் பெட்டியே காரணம். கிட்டாரின் ஒலி மின்னலையாகச் சென்று ஒரு ஸ்பிரிங்கின் முனையை அசைக்கும். அதிர்வு மறுமுனைக்கு ஓடும், மோதித் திரும்பும், மீண்டும் ஓடும். இந்தத் தாமதத்தைத்தான் காது எதிரொலியாகக் கொள்கிறது. ஹாமண்ட் ஆர்கனில் புழங்கிய இந்த உத்தியை 1961-ல் லியோ ஃபெண்டரின் கம்பெனி தனிப் பெட்டியாகவே கிட்டார்காரர்களுக்கு விற்றது. பெட்டியைத் தட்டினால் இடி இடிக்கும். நெடுஞ்சாலையோர அறையில் தட்டவும் வேண்டாம். ஓவர்லோடு லாரி ஒன்று ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கினால் போதும்.

பண்

நூலோர் நெய்தலுக்குச் செவ்வழிப் பண்ணைச் சொன்னார்கள். சர்ஃபுக்கோ மாயாமாளவகௌளை என்பது இவ்வாய்வின் பெரும் கண்டுபிடிப்பு. டிக் டேல் 1962-ல் வெளியிட்ட 'மிசர்லூ' கிழக்கு மத்தியதரைக் கடலோரத்தின் பழைய மெட்டு. அதன் சுரங்கள் நமது 15-ஆவது மேளகர்த்தாவின் சுரங்களே. அதே ராகத்தில் சரளி வரிசை பாடத் தொடங்கும் ஒவ்வொரு தமிழ்க் குழந்தையும் தன்னையறியாமல் சர்ஃபுக்குத் தயாராகிறது. அதற்கும் தப்பியவர்களை 2007-ல் 'போக்கிரி' படத்தில் அதே மெட்டில் வந்த 'டோலு டோலு' பிடித்துக்கொண்டது.

ஆசானின்மை

தானே கற்றவருக்குத் தலைமகன் டிக் டேலே. இடக்கைக்காரரான அவர் வலக்கைக் கிட்டாரை அப்படியே திருப்பிப் பிடித்தார். தடித்த கம்பி கீழே, மெல்லிய கம்பி மேலே. வாத்தியார் இருந்திருந்தால் முதல் நாளே கம்பியை மாற்றிக் கட்டச் சொல்லியிருப்பார். ஒரு வரலாறு அங்கேயே முடிந்திருக்கும்.

அவருடைய முத்திரை, ஒரே கம்பியில் பிக்கை மேலும் கீழுமாக இடைவிடாமல் ஓட்டுவது. புதியவர்களுக்கு இதில் முழங்கை இறுகிக் கை கடுத்துவிடும். வேலை முழுவதும் மணிக்கட்டில் இருக்க வேண்டும். பிக்கின் நுனி கொஞ்சமே கம்பியில் பட வேண்டும். ஐ.டி.ஐ.-யில் மாதக்கணக்கில் அரம் பிடித்து இரும்பை ராவிய கைக்கு அளவாக அழுத்தும் பக்குவம் முன்பே வந்திருக்கும். ஃபிட்டர் டிரேடை இசைக் கல்லூரிகள் கருத்தில் கொள்ளலாம்.

தடைவிடை

அஃதேல், கடலில் இறங்காதவன் சர்ஃப் வாசிக்கலாமோ எனின், வாசிக்கலாம். பீச் பாய்ஸ் குழுவிலேயே அலையேறத் தெரிந்தவர் டிரம்மர் டென்னிஸ் வில்சன் ஒருவர்தான். 1963-ல் 'பாஹா' வாசித்த அஸ்ட்ரோநாட்ஸ் கொலராடோக்காரர்கள். அங்கிருந்து கடல் ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால். அதே ஆண்டு 'சர்ஃபின் பேர்ட்' தந்த டிராஷ்மென் பனி கொட்டும் மினியாபொலிஸ்காரர்கள். இவர்களுக்கு இல்லாத தடை, பஸ் ஏறினால் பழவேற்காடு போய்விடக்கூடிய நம்மவருக்கு ஏது?

உரிப்பொருள்

நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். அது இங்கே குறைவின்றி உண்டு. இரங்குபவர் தலைவியல்லர், விடிந்தால் ஃபர்ஸ்ட் ஷிப்டுக்குப் போக வேண்டிப் படுத்திருக்கும் பக்கத்து அறைக்காரர்.

முடிபு

சர்ஃப் இசைக்குக் கடல் விருப்பப் பாடம். ஸ்பிரிங், மணிக்கட்டு, மாயாமாளவகௌளை மூன்றும் கட்டாயப் பாடம். மூன்றும் கும்மிடிப்பூண்டியில் கிடைக்கும். ஆகவே அறை வாடகைக்கு விடும் உரிமையாளர்களுக்கு ஒரு விண்ணப்பம்: நடுராத்திரியில் மாடியில் கடல் கேட்டால் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்க அவசரப்படாதீர்கள். ஒரு ஹெட்போன் வாங்கிக் கொடுங்கள். இசையும் பிழைக்கும், வாடகையும் தவறாது.