அரை அங்குலம் என்பது எத்தனை அங்குலம்?

கேள்வி: படகில் கேஸ் அடுப்புக்குப் போகும் குழாயின் அளவைக் கண்டுபிடிப்பது எப்படி?
— வாசகர், எரியோடு

பதில்: உங்கள் பக்கத்துக் குடகனாற்றில் படகு விடும் அளவுக்குத் தண்ணீர் வந்துவிட்டது போலிருக்கிறது; மகிழ்ச்சி!

குழாய் எந்த வகை என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். செம்புக் குழாய்க்கு வெளிவிட்டமே அளவு. ஏ.சி. மெக்கானிக் கேட்கும் ‘கால் அங்குலம்’, ‘மூன்றெட்டு’ (3/8) எல்லாம் அதுதான். ரப்பர் குழாய்க்கு உள்விட்டம். ஜி.ஐ. பைப்புக்கு இரண்டுமில்லை, பழைய பெயர் மட்டுமே: ‘அரை அங்குல’ பைப்பின் வெளிவிட்டம் 21.3 மி.மீ.; நிஜ அரை அங்குலமோ 12.7.

செம்பில் மில்லிமீட்டர், அங்குலம் என இரு சாதிகள். 10 மி.மீ. குழாயும் மூன்றெட்டு அங்குலக் குழாயும் (9.53 மி.மீ.) பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். ஒன்றின் நட்டை மற்றதில் முடுக்கினால் கேஸ் கசியும். பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு, வளையாத நேர்ப்பகுதியில் வெர்னியர் காலிப்பர் வைத்து இரண்டு மூன்று இடங்களில் அளக்க வேண்டும். காலிப்பர் இல்லையா? நூலை இறுக்கமாகப் பத்துச் சுற்றுச் சுற்றி, நீளத்தை 31.4-ஆல் வகுத்தால் விட்டம் வந்துவிடும். நூல் பருமனாக இருந்தால் விடையும் பருமனாகவே வரும்.

புதிதாகப் போடுவதானால் அடுப்பு இழுக்கும் கேஸும் குழாயின் நீளமும் சேர்ந்தே அளவை முடிவு செய்யும். நீளம் கூடக் கூட அழுத்தம் குறையும், சுடர் சோம்பும். அளவு சரியானாலும் கசிவை மறக்கக் கூடாது; எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது. வீட்டில் கசிந்தால் ஜன்னல், கதவு வழியே ஓரளவு வெளியேறும். ஆலப்புழைப் படகுவீட்டிலோ அடித்தட்டில் இறங்கித் தேங்கி, ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். ஆகவே, இணைத்ததும் சோப்புநுரை தடவிப் பார்ப்பது கட்டாயம். தீக்குச்சி வைத்துப் பார்ப்பவருக்கு இரண்டாம் முறை பார்க்கும் வாய்ப்பு அமைவது அரிது.