சேர்வராயன் மலையில் மிதிபடகின் தொன்மை: கரையேற்றிக் காட்ட ஒரு நியாயம்

படகின் பெருமை அது தண்ணீரை விட்டு வெளியே வந்தபின்தான் தொடங்குகிறது என்பதை உலகம் எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டது. கிசா பிரமிடு அருகே 1954-இல் கிடைத்த கூஃபு மன்னனின் மரக்கப்பல் ஒருநாளாவது மிதந்ததா என்பதே இன்னும் சர்ச்சை. சுவீடனின் வாசா 1628-இல் முதல் பயணத்திலேயே மூழ்கியது. 1961-இல் தூக்கி நிறுத்தியதும் அந்நாட்டின் புகழ்பெற்ற கப்பல் அதுவே ஆயிற்று. ஏரி உறையும் வட அமெரிக்க ஊர்களில் பழைய மரப்படகுகளுக்கு வார்னிஷ் பூசி, குளிர்காலத்தில் மண்டபத்துக்குள் வைத்துக் காட்டுகிறார்கள். ஏற்காட்டிலோ மே மாதக் கோடை விழாவில் அண்ணா பூங்காவில் பூவை நிறுத்திவைத்துக் காட்டுகிறோம். பக்கத்து ஏரியில் படகைப் போட்டிக்கு விட்டு அலைக்கழிக்கிறோம். இம்முறை தவறு என்பதும், மிதிபடகை மார்கழியில் கரையேற்றித் தொல்பொருளுக்குரிய மரியாதையோடு காட்டவேண்டும் என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

மிதிபடகுக்கு வயது போதாது என்பது முதல் தடை. அமெரிக்கப் பழம்படகுச் சங்கத்தார் 1919 முதல் 1942 வரை கட்டியவற்றையே தொன்மையானவை என்கிறார்கள். ஆனால் அந்தப் படகுகள் ஒரே குடும்பத்தின் கொட்டகையில் போர்வைக்குள் தூங்கியவை. வாடகைப் படகுக்கு வயதை ஆண்டில் கணக்கிடுவது அநியாயம். அரைமணியில் கணக்கிட வேண்டும். அலகில் சாயம் உரிந்த அன்னம், கழுத்தில் ஆணியால் கீறிய காதலர் பெயர்கள், காலடியில் தேங்கிய பச்சைத் தண்ணீர், இடப்பக்கம் மட்டுமே திரும்பச் சம்மதிக்கும் கைப்பிடி: இவ்வளவையும் சேர்க்க வார்னிஷ் படகுக்கு நூறாண்டு போதாது. குலப்பெருமையும் உண்டு. 1877-இல் பாஸ்டன் பூங்காவில் ராபர்ட் பேஜட் அன்னப் படகு விட்டபோது, பின்னால் மிதிப்பவரை மறைக்கவே அன்னம் வைத்தார். அங்கே மிதிப்பவருக்குக் கூலி. இங்கே மிதிப்பவரே கட்டணமும் கட்டுகிறார். இதை வளர்ச்சி என்றுதான் கொள்ளவேண்டும்.

மரமல்ல, ஃபைபர்தானே என்பார்கள். அதுவே தகுதி. மரப்படகை வறண்ட மண்டபத்தில் வைத்தால் பலகை சுருங்கி இடுக்கு விடும். மறுபடி ஊறவைத்தால்தான் அடையும். ஃபைபருக்கு அந்தக் கோபதாபம் கிடையாது. ஏற்காட்டு ஏரி உறைவதில்லையே, படகை ஏன் ஏற்றவேண்டும் என்பது சற்றுக் கனமான கேள்வி. உறைவதில்லை, உண்மை, ஆனால் பனிமூட்டம் இறங்கினால் பத்தடிக்கு அப்பால் ஏரியே இல்லை. காணாத படகை மிதந்தது என்று எப்படி நிறுவுவது? ஒகேனக்கலில் பரிசலைக் கரையில் கவிழ்த்துத்தான் வைக்கிறார்கள். முன்னால் ஒரு கயிறு கட்டிப் பலகை நடாததால் அதற்குக் கண்காட்சி என்ற பெயர் வரவில்லை, அவ்வளவே.

விடை காணாத தடை ஒன்றுதான். மலையில் சமதரை கிடைப்பது அரிது. நாகலூர்ப் பக்கத்துக் காபித் தோட்டங்களில் சிமெண்டுக் களங்கள் உண்டு, அளவு கச்சிதம். ஆனால் மார்கழி, தை என்றால் பழம் பறித்துக் காயப்போடும் காலம். அன்னத்தின் நிழல் விழுந்த இடத்தில் காபி காயாது என்று தோட்டக்காரர் சொன்னால், அதற்கு மறுப்பு இக்கட்டுரையாளரிடம் இல்லை.