மார்ச் முடியப் போகிறது, பணம் கட்டியாச்சா?

*மார்ச் 31 இரவு பதினோரு மணிக்கு மொபைலில் பிபிஎஃப் கணக்குக்குப் பணம் அனுப்பினால் இந்த நிதியாண்டில் சேருமா?*
— வாசகர், திருப்பூர்

அன்றைய தேதியில் வரவு விழுந்தால் சேரும். நீங்கள் எப்போது அனுப்பினீர்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள். பாஸ்புக்கில் என்ன தேதி இருக்கிறது என்றுதான் பார்ப்பார்கள். சேமிப்புக் கணக்கும் பிபிஎஃப் கணக்கும் ஒரே வங்கியில் இருந்தால் உடனே ஏறிவிடும். வேறு வங்கியிலிருந்து அனுப்புகிறீர்கள், அதுவும் வருடக் கணக்கு முடிக்கிற இரவில் என்றால், எதுவும் நடக்கலாம். இந்த இதழை மூடி வைத்துவிட்டு இப்போதே அனுப்புங்கள். மீதிப் பதில்களை அப்புறம் படிக்கலாம்.

*போன வருடம் மார்ச் 30 அன்று போஸ்ட் ஆபீஸில் செக் கொடுத்தேன். ஏப்ரல் 2 அன்றுதான் பாஸானது. சலானில் 30ஆம் தேதி முத்திரை இருக்கிறதே, போதாதா?*
— வாசகி, தென்காசி

போதாது அம்மா. செக் வாங்கிக்கொண்டார்கள் என்பதற்குத்தான் அந்த முத்திரை சாட்சி. பணம் அரசுக் கணக்கில் சேர்ந்த நாளே டெபாசிட் நாள். அது அடுத்த நிதியாண்டுப் பணமாகிவிட்டது. இந்த முறை கடைசி வாரத்தில் செக் வேண்டாம். ரொக்கமாகவோ ஆன்லைனிலோ கட்டுங்கள்.

*கம்பெனியில் ஜனவரியிலேயே முதலீட்டு புரூஃப் கேட்டு முடித்துவிட்டார்கள். இப்போது போட்டு என்ன பயன்?*
— வாசகர், ஓசூர்

முழுப் பயனும் உண்டு. ஜனவரி என்பது உங்கள் கம்பெனி சம்பளத்தில் வரி பிடிப்பதற்கு வைத்துக்கொண்ட தேதி. சட்டத்தின் தேதி மார்ச் 31. அதற்குள் போட்டுவிட்டு, பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்து, ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது கழிவைக் கேளுங்கள். கூடுதலாகப் பிடித்த வரி ரீஃபண்டாக வரும். ஃபார்ம் 16இல் அந்தத் தொகை இல்லையே என்று பயப்பட வேண்டாம். ரசீது உங்களிடம் இருந்தால் போதும். ரிட்டர்னை மட்டும் கெடு தேதிக்குள் தாக்கல் செய்துவிடுங்கள். வழக்கமாக அது ஜூலை 31. தவறினால் பழைய முறையைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே போய்விடும்.

*நான் புதிய வரி முறையில் இருக்கிறேன். இந்த மார்ச் பரபரப்பு எனக்கும் உண்டா?*
— வாசகி, கோயம்புத்தூர்

வரிக்காக ஒரு ரூபாய்கூட ஓடிப் போய்ப் போட வேண்டாம். அந்த முறையில் இந்த முதலீடுகளுக்கான 80சி கழிவு கிடையாது. ஆனால் பிபிஎஃப் கணக்கு இருந்தால் ஆண்டுக்கு 500 ரூபாய், செல்வமகள் கணக்கு இருந்தால் 250 ரூபாய் கட்டாயம் போட வேண்டும். இரண்டின் வட்டிக்கும் எந்த முறையிலும் வரி இல்லை. அதற்காகவே தொடர்ந்து போடலாம் என்பேன்.

*ஐந்தாம் தேதி, ஐந்தாம் தேதி என்று எல்லாரும் சொல்கிறார்களே, அது என்ன கணக்கு?*
— வாசகர், காரைக்குடி

வட்டிக் கணக்குத் தெரிந்த ஊரிலிருந்து வந்த கேள்வி, விரிவாகவே சொல்கிறேன். பிபிஎஃப்பில் ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி முடிவிலிருந்து மாதக் கடைசி வரை கணக்கில் எது மிகக் குறைந்த இருப்போ, அதற்குத்தான் அந்த மாத வட்டி. ஆறாம் தேதி போட்ட பணத்துக்கு அந்த மாதம் எதுவும் கிடையாது. 2020 ஏப்ரலிலிருந்து வட்டி 7.1 சதவீதத்திலேயே நிற்கிறது. அந்த விகிதத்தில் உச்சவரம்பான ஒன்றரை லட்சத்தை ஏப்ரல் ஐந்துக்குள் போட்டால் அந்த ஆண்டுக்கு 10,650 ரூபாய் வட்டி. ஒரே ஒரு நாள் தள்ளி ஆறாம் தேதி போட்டால் 887 ரூபாய் குறையும். மாதம் 12,500 என்று ஐந்தாம் தேதிக்குள் பிரித்துப் போடுகிறவருக்கு அந்த ஆண்டில் சுமார் 5,770 ரூபாய். வருடம் முழுக்கத் தள்ளிப்போட்டு மார்ச் 31 அன்று மொத்தமாகப் போடுகிறவருக்கு அந்த ஆண்டில் அந்தப் பணத்துக்கு வட்டி பூஜ்யம்.

ஆகவே மார்ச் 31 என்பது வரிக்கும் வரம்புக்குமான கெடு. உங்கள் பணத்துக்கான நல்ல நாள் ஏப்ரல் முதல் வாரத்தில் இருக்கிறது. வருடா வருடம் மார்ச்சில் மூச்சு வாங்க ஓடுகிறவர்கள், கையில் பணம் இருந்தால் இந்த ஒரு முறை இந்த ஆண்டுக்கு உரியதை 31க்குள்ளும் அடுத்த ஆண்டுக்கு உரியதை ஏப்ரல் ஐந்துக்குள்ளும் போட்டுவிடுங்கள். அடுத்த மார்ச்சில் நிம்மதியாக இருக்கலாம். மொத்தமாகப் பணம் இல்லாதவர்கள் சம்பளம் வந்ததும் ஐந்துக்குள் மாதாமாதம் போகிறமாதிரி வங்கியில் எழுதிக் கொடுங்கள். ஏப்ரல் 1 வங்கிகளில் வருடக் கணக்கு முடிக்கும் நாள், கவுன்டர் திறக்காது. ஐந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமையாக வந்தாலும் சலுகை கிடையாது.

*தெரிந்த ஏஜென்ட் ஒருவர் மார்ச் 31க்குள் இந்த பாலிசி எடுத்தால் வரி மிச்சம் என்று விடாமல் வருகிறார். வருடம் 50,000. எடுக்கலாமா?*
— வாசகி, விழுப்புரம்

இந்த வாரம் வேண்டாம் அம்மா. வருடத்தில் மிகத் தவறான முடிவுகள் எடுக்கப்படுகிற வாரம் இது. பிபிஎஃப்பில் ஒருமுறை அதிகம் போட்டுவிட்டால் அடுத்த ஆண்டு 500 மட்டும் போட்டுக்கொள்ளலாம். பாலிசி என்றால் பத்து, பதினைந்து வருடம் அதே 50,000 கட்ட வேண்டும். ஆரம்பத்திலேயே நிறுத்தினால் கட்டியதைவிடக் குறைவாகத்தான் கைக்கு வரும். இரண்டு வருட பிரீமியம் கட்டுவதற்கு முன் நின்றுபோனால், எடுத்த வரிக் கழிவையும் திரும்ப வருமானத்தில் சேர்த்துவிடுவார்கள்.

அதற்கும் முன்னால் ஒரு காகிதம் எடுத்து எழுதிப் பாருங்கள். உங்கள் சம்பளத்தில் பிடிக்கிற பிஎஃப், இரண்டு பிள்ளைகள் வரை பள்ளியின் டியூஷன் ஃபீஸ், வீட்டுக் கடனில் அசலுக்குப் போகிற பகுதி, ஏற்கெனவே கட்டும் பிரீமியம், எல்லாமே 80சி கழிவின் ஒன்றரை லட்ச வரம்புக்குள் வருபவை. அடிப்படைச் சம்பளம் 50,000 என்றால் பிஎஃப் மட்டுமே ஆண்டுக்கு 72,000. பல குடும்பங்களுக்கு வரம்பு ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது; அது தெரியாமல் கடைசி வாரத்தில் புதிய சுமையை ஏற்றிக்கொள்கிறார்கள். கையெழுத்துப் போட்டாகிவிட்டது என்றாலும் வழி உண்டு. பாலிசிப் பத்திரம் கைக்கு வந்து 30 நாளுக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கலாம். சிறு பிடித்தம் போகப் பணம் திரும்பும்.

*நகையை அடகு வைத்து 31ஆம் தேதிக்குள் ஒன்றரை லட்சம் போடலாமா?*
— வாசகர், நாமக்கல்

வேண்டாம். 5 சதவீத வரி அடுக்கில் இருப்பவருக்குப் பழைய முறையில் தள்ளுபடி போக வரியே வராது, ஒன்றரை லட்சம் போட்டாலும் மிச்சம் எதுவும் இல்லை. அடகு வட்டிதான் கையை விட்டுப் போகும். 30 சதவீத அடுக்கு என்றால் 46,800 மிச்சம், கூட்டிக் கழித்தால் லாபம் தெரியும். ஆனால் அந்த வருமானம் உள்ளவர் அடகுக் கடைக்குப் போகும் நிலையில் இருந்தால், பிபிஎஃப்பில் வருடக்கணக்கில் முடங்கும் பணம் அவருக்குக் கையில்தான் தேவை. 500 ரூபாய் போட்டுக் கணக்கைக் காப்பாற்றுங்கள். நகை பெட்டியிலேயே இருக்கட்டும்.

*பேத்தியின் செல்வமகள் கணக்கில் இரண்டு வருடம் பணம் போட மறந்துவிட்டோம். போனது போனதுதானா?*
— வாசகர், மன்னார்குடி

ஒன்றும் போகவில்லை. விட்ட ஆண்டு ஒவ்வொன்றுக்கும் 250 ரூபாயும் அபராதம் 50 ரூபாயும், ஆக 600 ரூபாய். இந்த ஆண்டுக்கான 250ஐயும் சேர்த்துக் கட்டுங்கள். கணக்கு தொடங்கி 15 ஆண்டு முடிவதற்குள் இதைச் செய்யலாம். தாத்தா கவலைப்பட்டுக் கேட்கும் வீட்டுப் பிள்ளை நன்றாக இருக்கும்.

*தங்கைக்கு இப்போதுதான் வேலை கிடைத்தது. பிபிஎஃப் கணக்கை மார்ச்சில் திறப்பதா, ஏப்ரலிலா?*
— வாசகி, மதுரை

மார்ச்சில், 500 ரூபாயோடாவது. 15 ஆண்டு என்பது கணக்கு திறந்த நிதியாண்டு முடிந்த பிறகே எண்ணப்படுகிறது. மார்ச் 30 அன்று திறந்தால் அடுத்த நாளே அந்த ஆண்டு முடிந்து எண்ணிக்கை தொடங்கிவிடும். ஏப்ரல் 2 அன்று திறந்தால் ஏறக்குறைய ஒரு வருடம் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும்.

*அரசு கடைசித் தேதியை நீட்டிக்காதா?*
— வாசகர், சேலம்

2020இல் நீட்டித்தது. ஊரடங்கால் அந்த ஆண்டுக்கான முதலீட்டுக்கு ஜூலை 31 வரை அவகாசம் கிடைத்தது. அப்படியொரு காலம் திரும்ப வர வேண்டாம்; 31க்குள் போட்டுவிடுங்கள்.

*அப்பாவின் பிபிஎஃப் கணக்கில் நான் போட்டால் எனக்குக் கழிவு உண்டா?*
— வாசகி, நாகர்கோவில்

இல்லை. உங்கள் பெயர், கணவர், பிள்ளைகள், இவ்வளவுதான். பிள்ளை மைனர் என்றால் அந்தக் கணக்கும் உங்கள் கணக்கும் சேர்ந்து ஒன்றரை லட்சத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அதிகப்படிக்கு வட்டி இல்லாமல் திருப்பிக் கொடுப்பார்கள்.

*நான்கு வருடமாகத் தொடாத பிபிஎஃப் பாஸ்புக் அலமாரியில் கிடைத்தது. எவ்வளவு கட்ட வேண்டும்?*
— வாசகர், வேலூர்

விட்ட நான்கு ஆண்டுக்கு ஆண்டொன்றுக்கு 500 ரூபாயும் 50 ரூபாய் கட்டணமும், அதாவது 2,200. இந்த ஆண்டுக்கு 500. ஆக 2,700 ரூபாய். கிடப்பில் இருந்த காலத்திலும் உள்ளே இருந்த பணத்துக்கு வட்டி ஏறியிருக்கும். கடனும் இடையில் பணம் எடுக்கும் வசதியும்தான் நின்றிருக்கும். முதிர்வுத் தேதி வருவதற்குள் புதுப்பித்தாக வேண்டும், பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் அந்தத் தேதியைப் பாருங்கள். நாளைக் காலையிலேயே ஆதார், பான் நகல்களோடு கிளைக்குப் போங்கள். 31ஆம் தேதி நெருங்க நெருங்க வரிசை நீளும்.