பூனைக்கும் ஒரு டிகிரி

என்னா தம்பிங்களா, காலேஜ் லீவா? கால்நடைப் படிப்பு படிக்கிற மூணு பேரும் ஒரு பூனைக்கு எப்பக் கருத்தடை பண்றதுன்னு வரப்பு மேல நின்னு வாதாடறீங்க. உப்பு வார்ற பொம்பளைங்க பலகையைக் கீழ போட்டுட்டு வேடிக்கை பாக்கறாங்க. பூனை மட்டுந்தான் பாக்கல, அதுக்குக் கருவாட்டு மேல கண்ணு.

பெரியவன், ஆறு மாசம் முடியட்டும்ங்கிறான். சின்னவன், ஒரு ஈத்து ஈனட்டும், தாய்மைன்னா என்னன்னு பாக்கட்டும்ங்கிறான். ஏன்டா, அப்படியே வளைகாப்பும் வெச்சிடலாமா? கண்ணாடி வளையல் நான் வாங்கியாறேன். ஒரு தரம் குட்டி போட்டா உடம்புக்கு நல்லதுங்கிறது வெறும் பேச்சாம். மொதப் பருவத்துக்கு முன்னாடியே ஆபரேஷன் பண்ணிட்டா, பின்னால மடியில புத்துக்கட்டி வர்றது ரொம்பக் குறையுதாம். உங்க மூணாவது ஆளு, இந்தப் பாப்பா சொல்லுது. அது படிக்கிறது வேப்பேரியில, 1903-ல ஆரம்பிச்ச காலேஜு.

பாப்பா கணக்கு நாலு மாசம், அஞ்சைத் தாண்டக் கூடாது. என் கணக்கும் அதேதான். பாத்தித் தண்ணியோட அடர்த்தி 25 டிகிரி வந்தா உப்பு பூக்கும். 30-ஐத் தொடவிட்டுப் பாரு, கசப்பு ஏறிடும். பூனைக்கும் ஒரு டிகிரி உண்டு. நாலாம் மாசத்துலயே சிலது ராத்திரியெல்லாம் பச்சப்புள்ள மாதிரி கத்த ஆரம்பிச்சிடும். குளிர் தேசத்துல பகல் நீண்டாத்தான் அதுக்குப் பருவமாம். நம்ம மரக்காணத்து உப்பளத்துல சூரியன் என்னைக்குடா லீவு போட்டான்? இங்க வருசம் பூரா முகூர்த்தம். ரெண்டு மாசத்துல குட்டி. அது பால் குடிக்கிறப்பவே தாய்க்கு மறுபடி சினை பிடிச்சாலும் பிடிக்கும்.

கடுவன் வெச்சிருக்கிறவனே, நீ ஏன் மீசையைத் தடவற? காளைக்குக் காயடிச்சு ஏர் பூட்டின ஊருதானே இது? மெட்ராஸ் புளூ கிராஸ்ல 1964-லயே நாய்க்குக் கருத்தடை ஆரம்பிச்சாச்சு. உன் கடுவன் என்ன, ஜமீன் வாரிசா?

எனக்கெப்படி இதெல்லாம் தெரியும்னு பாக்கறீங்களா? போன வருசம் நானும், ‘என்னா அவசரம், ஆறு மாசம் ஆவட்டும்’னு சொன்னவன்தான். ஆறு முடிஞ்சதும் என் பூனையைச் சாக்குல கட்டித் தூக்கிட்டுப் போனேன். டாக்டரு வயித்தைத் தடவிப் பாத்துட்டு, ‘பெரியவரே, நாலு இருக்கு’ன்னாரு.

மூணைத் தள்ளிவிட்டேன். நாலாவதுதான் இப்ப உங்க பைக்குள்ள தலையை விட்டுக்கினு இருக்குது. கருவாடு போச்சு, பாருங்க.