கவிழ்த்துப் பாருங்கள்!

? சவுக்குத் தோப்பில் மழைக்கு மறுநாள் மஞ்சளும் சிவப்புமாக ஒரு காளான். மேலிருந்து எடுத்த படம் அனுப்பியிருக்கிறேன். பெயர் என்ன?
– வாசகர், திண்டிவனம்

குடையின் நிறத்தை மட்டும் நம்பிப் பெயர் சொல்ல மாட்டேன். கவிழ்த்துப் பாருங்கள். கடையில் விற்கும் பட்டன் காளானுக்கு அடியில் மடிப்பு மடிப்பாக இருக்கும். இதில் பஞ்சு போல நுண்துளைகள் தெரிந்து, சதையும் மெத்தென்று இருந்தால் பொலீட் வகை. கத்தியால் நெடுக்காகப் பிளந்தால் சிலவற்றின் மஞ்சள் சதை கண்ணெதிரே நீலமாகும். பதற வேண்டாம், உள்ளிருக்கும் வேரிகேட்டிக் அமிலம் காற்றுப் பட்டு மாறுகிறது. நீலமானால் விஷம் என்பதும் தப்பு, ஆகாவிட்டால் நல்லது என்பதும் தப்பு. அடுத்த முறை அடிப்பக்கம், மண்ணுக்குள் இருக்கும் காம்பின் அடி, வெட்டிய சதை, பக்கத்திலுள்ள மரம், நான்கையும் படமெடுங்கள்.

? காளானுக்கு எதற்கு மரத்தின் படம்?
– வாசகி, விழுப்புரம்

பொலீட்டுகளில் பெரும்பாலானவை மர வேரோடு கூட்டு வைத்தவை. வேர்நுனியை உறையாகப் போர்த்தி நீரும் பாஸ்பரஸும் கொடுக்கும், சர்க்கரை வாங்கிக்கொள்ளும். மரம் தெரிந்தால் பாதி விடை கிடைத்துவிடும். நீலகிரிப் பைன் மரத்தடியில் முளைக்கும் சுயில்லஸ் என்ற பொலீட், பைனோடு வந்து சேர்ந்ததுதான். சவுக்கின் கூட்டாளிகளான பிசோலித்தஸும் ஸ்கிளிரோடெர்மாவும் உருண்டையாக இருந்தாலும் பொலீட் வரிசையைச் சேர்ந்தவை. கீழ்புத்துப்பட்டு ஐயனார் கோயில் காடு போன்ற நம் உலர் பசுமைக் காடுகளின் கதை வேறு. அங்குள்ள மரங்களில் பலவற்றின் வேர்ப்பூஞ்சைகள் குடையே விரிக்காதவை.

? மரத்துணை இல்லாமல் வாழும் பொலீட் உண்டா?
– வாசகர், மரக்காணம்

உண்டு. ஃபிளெபோபஸ் போர்டெண்டோசஸ். இலங்கையில் கிடைத்ததை வைத்து 1873-இல் பெர்க்லி, புரூம் என்ற காளான் ஆய்வாளர்கள் பெயரிட்டார்கள். பெரிய பழுப்புக் குடை. தாய்லாந்திலும் சீனாவின் யுன்னானிலும் விரும்பிச் சாப்பிடுகிறார்கள், மரமே இல்லாமல் வளர்த்தும் எடுக்கிறார்கள்.

? கொதிக்கும் காளானில் வெள்ளிக் கரண்டி கறுக்காவிட்டால் சாப்பிடலாமாமே?
– வாசகி, செஞ்சி

கூடவே கூடாது. அமானிட்டா இனத்துக் கொலைக்காளான்களின் நஞ்சுக்கு வெள்ளி கறுக்காது, வேகவைத்தாலும் அது அழியாது. வாந்தியும் பேதியும் தொடங்கவே ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். அதற்குள் ஈரலில் வேலை ஆரம்பமாகியிருக்கும். பூச்சி அரித்த காளான் நல்லது என்பதையும் நம்பாதீர்கள். தெரியாமல் யாராவது சாப்பிட்டுவிட்டால், வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல், மிச்சமிருக்கும் காளானைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.